இணைப்பில் இருக்கிறார்

வாருங்கள் மேடம், உட்காருங்கள். மின்விசிறிக்கு நேரே உட்காருங்கள், இந்த அறையில் காற்று அந்த ஒரு இடத்துக்குத்தான் வரும். கோயம்புத்தூரிலிருந்து நேரே வருகிறீர்களா? பதிவாளர் காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "கம்பெனியிலேருந்து ஒரு மேடம் வர்றாங்க சார். குழுத் தலைவர்ங்கிற முறையில உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. தகராறு பண்ணாமப் போட்டு அனுப்புங்க" என்றார். தகராறு என்பது பொருத்தமான சொல் இல்லை. நான் இதுவரை செய்தவை ஆட்சேபங்கள். தகராறு என்றால் குரல் உயர வேண்டும். என் குரல் உயராது. முப்பது வருஷம் தர்க்கம் சொல்லிக்கொடுத்தவன். நான் பேசுவதே அச்சடித்து வந்த மாதிரி இருக்கும் என்று சாலமோன் கேலி செய்வான்.

சாலமோன் ஞானதுரை, தாவரவியல் துறை. நேற்று போனில் கேட்டீர்களே, "ஒருத்தர் மட்டும் இன்னும் முகத்தைப் பதியல, அந்தக் கணக்கை மூடிடலாமா சார்" என்று. அவன்தான். மூடக்கூடாது. மூடிவிட்டால் அவனால் கூட்டத்துக்கு வர முடியாது. அதை நேரில் சொல்லத்தான் உங்களை இங்கே வரச் சொன்னேன். கையெழுத்து பிறகு.

அவன் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பது எனக்குத் தெரியும். குறுக்கே பேசாமல் கேளுங்கள். இதில் ஒரு வரிசை இருக்கிறது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் துறைக்கு ஒரு காணொளி மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. வணிகவியலில் ஒன்று, இயற்பியலில் ஒன்று. தமிழ்த் துறையில் ஒருவர் எதுவும் வேண்டாம் என்று போனில் ஸ்பீக்கரைப் போட்டே வகுப்பெடுத்தார். அதற்கு வந்த கூட்டம் வேறெதற்கும் வரவில்லை. பிள்ளைகள் பாவம், ஒரு காலைக்குள் நாலு கடவுச்சொல். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பொதுவாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். ஆறு பேர். நான் தலைவர். நான்கு பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும். ஆறு பேரில் ஒருவர் வெளிநாட்டில் மகளோடு இருக்கிறார். இன்னொருவருக்கு என்னைப் பிடிக்காது, அதனால் வரமாட்டார். மிச்சம் நான், சாலமோன், கணினித் துறை இசக்கியப்பன், பதிவாளர் செண்பகவல்லி. சரியாக நால்வர். ஒருவர் தும்மப் போனாலும் கூட்டம் செல்லாது.

சாலமோன் ஒவ்வொரு கூட்டத்திலும் என்னோடு மோதுவான். அவன் ஊர் நாசரேத் பக்கம். "என்ன வே குத்தாலம், ஒரு பொத்தானை அமுக்கதுக்கு இத்தனை காரணமா? பிள்ளையளுக்குச் சத்தம் கேக்கணும், படம் தெரியணும். அம்புட்டுதான வே!" என்பான். குற்றாலநாதன் என்ற என் பெயரை அவன் ஒரு நாளும் முழுதாகச் சொன்னதில்லை. பதினெட்டு ஆண்டு பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். நண்பர்கள் என்று சொல்லமாட்டேன். ஒத்துப்போனதே இல்லை. சாயங்காலம் ஒன்றாக நடப்போம், அதுகூடச் சண்டையை முடிக்கத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவன், செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தானாம். அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு நானும் போனேன். போனேன் என்றால், இணைப்பில். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்காகத் தேவாலயத்திலிருந்து நேரலை வைத்திருந்தார்கள். எனக்கு அன்று தொண்டை சரியில்லை. கிளம்பினேன், சட்டையெல்லாம் போட்டுவிட்டேன், பிறகு போகவில்லை. காமிராவை அணைத்துவிட்டு முழுக்க இருந்தேன். நேரில் வந்தவர்களில் பாதிப் பேர் கல்லறைத் தோட்டம் வரை போகவில்லை, தெரியுமா? நான் கடைசிப் பாட்டு வரை இருந்தேன். பங்கேற்றோர் பட்டியலில் என் பெயர் இருக்கும். கடைசியில் பொன்மணி டீச்சர், அவன் மனைவி, காமிராப் பக்கம் திரும்பி, "குத்தாலம் சார் வரலையா?" என்று யாரிடமோ கேட்டார். "லிங்க்ல இருக்காவ" என்று யாரோ சொன்னார்கள். 'இருக்கிறேன்' என்று நான் உடனே எழுதி அனுப்பினேன். யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? ஆமாம், வரிசை.

அவன் இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டியவர் துணைவேந்தர். துணைவேந்தர் நாற்காலி காலி. ஆள் போடும்வரை பழைய உறுப்பினர் பெயர் நீங்காது. அது விதி. அதனால் கூட்ட அழைப்பு எல்லோருக்கும் போகும்போது அவனுக்கும் போனது. நான் அனுப்பவில்லை, இயந்திரம் அனுப்பியது. அவனுக்கு ஆராய்ச்சிக்காகக் கொடுத்த டேப்லெட் வீட்டில் அவன் மேசை மேலேயே, கடவுச்சொல்லெல்லாம் பதிந்தபடி இருந்திருக்கிறது.

முதல் மென்பொருளைச் சோதித்துப் பார்த்த நாள். அது மிகவும் எளியது. அழைப்பில் வரும் சுட்டியைத் தொட்டால் உள்ளே வந்துவிடலாம். மூன்று பேர் இருந்தோம். கூட்டம் செல்லாது என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது நாலாவதாக ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. நடுவில் 'சா' என்று ஒரு எழுத்து. கீழே பெயர்.

"சார்..." என்றான் இசக்கியப்பன்.

"என்ன?"

"சார், அது... நம்ம ஞானதுரை சாரு..."

"பெயர் எனக்கும் தெரிகிறது."

பதிவாளர் அம்மா நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார். "யாராவது விளையாடுறாங்களா? இசக்கி, நீங்கதான கணினி? என்னன்னு பாருங்களேன்!"

"எதைப் பாக்க மேடம்? அவரு கணக்குதான். சரியான கடவுச்சொல்லுதான்."

அந்தக் கட்டம் பேசவில்லை, அசையவில்லை. இருந்தது. அவ்வளவுதான். எனக்கு ஆவியிலெல்லாம் நம்பிக்கை கிடையாது மேடம். பேயோ பிசாசோ கடவுச்சொல்லை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்காது என்பது என் முடிவு. ஆனால் எண்ணிக்கை எண்ணிக்கைதானே. "நால்வர் இருக்கிறோம். தொடங்கலாம்" என்றேன். அன்றைய குறிப்பில் வந்திருந்தோர் நால்வர் என்றுதான் இருக்கிறது. பதிவாளர் கேட்டார், "லிங்க்ல இருந்தா வந்ததாயிடுமா சார்? பிள்ளைங்க லிங்க்கைப் போட்டு வச்சிட்டுக் குளிக்கப் போவுதுங்க!" அதற்கு நான் அன்றே ஒரு விதி எழுதினேன்: இணைப்பில் இருப்பவர் வந்தவராகவே கொள்ளப்படுவார், முகம் காட்டினாலும் காட்டாவிட்டாலும். நன்றாக எழுதிய விதி. ஓட்டை இல்லை. இன்றும் அதை நான் மாற்றமாட்டேன்.

இரண்டாவது மென்பொருள் வேறு மாதிரி. அதில் வருகிறவர் வெளியே காத்திருக்க வேண்டும். தலைவர் பார்த்து உள்ளே விடவேண்டும். என் திரையில், 'சாலமோன் ஞானதுரை வெளியே காத்திருக்கிறார்' என்று வந்தது. கீழே இரண்டு பொத்தான். அனுமதி, நீக்கு. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், விடாதீங்க, வேண்டாம்" என்றான் இசக்கியப்பன். கணினி படித்தவன்!

நான் விட்டேன். சாலமோன் காத்திருக்கப் பொறுக்கமாட்டான். என் வீட்டு வாசலில் மணியடித்துவிட்டு, திறப்பதற்குள் மறுபடி அடிப்பான்.

அந்த மென்பொருளில் நுழைந்தவுடனே மைக் தானாகத் திறந்துகொள்ளும். எங்களுக்கு அது தெரியாது. முதலில் ஒரு மின்விசிறி கிறீச்சிடும் சத்தம் வந்தது. அவன் அறை மின்விசிறி, எனக்குத் தெரியும், எண்ணெய் போடச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பிறகு மேசையில் தம்ளர் வைக்கும் சத்தம். பிறகு பொன்மணி டீச்சர் குரல், சாதாரணமாக, வீட்டில் பேசுகிற குரல்.

"காப்பி ஆறிப்போவுது. குடிச்சிட்டுப் பேசுங்க."

பதிவாளர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும். அப்புறம் யாரோ உறிஞ்சிக் குடிக்கும் சத்தம். சாலமோன் உறிஞ்சித்தான் குடிப்பான், நாகரிகமே கிடையாது. டீச்சர்தான் குடித்திருப்பார். வேறு யார் குடிப்பது? டீச்சர் காப்பியே தொடமாட்டார் என்று அவன் சொல்லியிருக்கிறான், அது வேறு விஷயம். பழக்கம் மாறியிருக்கும்.

ஆகவே யார் என்பது தெளிவாகிவிட்டது. அழைப்பு வருகிறது, டீச்சர் சுட்டியைத் தொடுகிறார், அவன் நாற்காலிக்கு முன்னால் கூட்டத்தை வைக்கிறார். கூட்டம் முடிந்ததும் எடுத்துவிடுகிறார். தெளிவான விஷயம். பயப்பட ஒன்றுமில்லை.

"யாராவது போயி டீச்சர்கிட்ட சொல்லணும்" என்றார் பதிவாளர். "நீங்கதான் சார் பக்கத்துத் தெரு."

சொல்கிறேன் என்றேன். பருவத் தேர்வு வந்துவிட்டது. பிறகு மழை. பிறகு எனக்கு முழங்கால். ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது மேடம். எதற்குப் போவது, அவர்தான் கூட்டத்துக்குக் கூட்டம் வருகிறாரே? வாரத்துக்கு ஒரு கூட்டம் என்று நான் மாற்றியதற்குக் காரணம் வேலைப் பளு. வேறொன்றும் இல்லை. மென்பொருளின் ஒவ்வொரு அம்சத்தையும் தனித்தனியாக விவாதிக்க வேண்டியிருந்தது. சாலமோன் ஆட்சேபிப்பான் என்று தோன்றும் இடங்களில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். அது நல்ல விவாத முறை. எதிர்த்தரப்புக்கு இடம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, உங்களுடையது.

குற்றம் சொல்லவில்லை. நன்றாக வேலை செய்கிறது. மாணவன் முகத்தைக் காட்டினால்தான் வருகை, முகம் நகர்ந்தால் வருகை போய்விடும். பதிவாளருக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. சோதனைக் கூட்டத்தில் அது தானாகவே எல்லார் காமிராவையும் திறந்தது. சாலமோன் கட்டத்திலும் படம் வந்தது. முதல் தடவையாக. காலி நாற்காலி. முதுகில் அவன் துண்டு. பின்னால் புத்தக அலமாரி. உங்கள் இயந்திரத்தில் ஒரு பெண் குரல் இருக்கிறதே, தேன் குரல். அது சொன்னது: "முகம் தெரியவில்லை. வெளிச்சத்தில் வந்து அமருங்கள்."

அந்த அறைக்குள் அது ஒலிப்பதும் எங்களுக்குக் கேட்டது.

"முகம் தெரியவில்லை. சற்று அருகில் வாருங்கள்."

நாற்காலி நாற்காலியாக இருந்தது.

"முகம் தெரியவில்லை."

எத்தனை தரம் சொல்லும் மேடம் அது? நிறுத்தவே நிறுத்தாதா? நான் பொத்தானைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. இசக்கியப்பன் எழுந்து போய்விட்டான். கடைசியில் ஒரு கை வந்து, வளையல் போட்ட கை, டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்தது. படம் கறுத்தது. சாலமோன் போய்விட்டான்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. மூன்று பேர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் செல்லவில்லை.

அதன் பிறகுதான் நான் அறிக்கை எழுதினேன். முதல் மென்பொருளையே வைத்துக்கொள்ளலாம், முகம் கேட்பது தனிமனித உரிமைக்கு விரோதம், சிக்னல் இல்லாத ஊர்ப் பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள். எல்லாம் உண்மையான காரணங்கள். இலவச மென்பொருளுக்கு நான் கமிஷன் வாங்கிவிட்டேன் என்று ஊழியர் சங்கத்தில் பேசிக்கொண்டார்களாம். இலவசத்தில் யார் கமிஷன் தருவார்? அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. தர்க்கப் பாடத்துக்கு ஆள் சேராத பல்கலைக்கழகம் இது.

பதிவாளர் என் அறைக்கே வந்து சண்டை போட்டார். "சார், முகம் காட்டாம இருக்கிறதெல்லாம் வர்றதா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க. அப்ப அன்னைக்கு ஞானதுரை சார் அடக்கத்துக்கு நீங்க வந்தீங்களா, வரலையா?"

அது விவாதப் பொருளில் இல்லை என்று சொல்லிவிட்டேன். சம்பந்தமில்லாத கேள்வி. இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு, நீங்களே சொல்லுங்கள்.

அவர் தம் சிறப்பு அதிகாரத்தில் உங்களுடையதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். சரி. ஆனால் அந்த முதல் மென்பொருள் இன்று மாலை வரை உயிரோடு இருக்கும் அல்லவா? இன்று மூன்று மணிக்கு அதில் கடைசிக் கூட்டம் கூட்டியிருக்கிறேன். எல்லோருக்கும் அழைப்புப் போயிருக்கிறது. எல்லோருக்கும்.

இப்போது என் கேள்வி. உங்கள் இயந்திரம் ஒரு கணக்கில் முதல் முதலாகக் காட்டும் முகத்தைத்தானே அந்த ஆளின் முகமாக வைத்துக்கொள்ளும்? அது யார் முகம், ஆணா பெண்ணா என்று கேட்காதல்லவா? கேட்காது. நல்லது. அப்படியானால் டீச்சர் முகத்தைப் பதிந்துவிடலாம். சாலமோன் ஞானதுரை, தாவரவியல், உறுப்பினர். விதியில் இடமிருக்கிறது. உங்கள் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில்தான், நடந்தே போகலாம். இது முழுக்கத் தொழில்நுட்பக் காரியம். நான் வழி காட்டத்தான் வருகிறேன்.

இப்படி வாருங்கள், நிழலில். அந்த வேப்பமரம்வரை நாங்கள் நடப்போம், அங்கிருந்து திரும்புவோம். யார் திரும்பலாம் என்று முதலில் சொல்கிறார்களோ அவர் தோற்றார். ஒரு விளையாட்டு. இப்போது நான் இந்தப் பக்கம் வருவதில்லை. முழங்கால்.

இதுதான் வீடு. பச்சைக் கேட். செடிகளைப் பாருங்கள், அவன் வைத்தவை. தண்ணீர் ஊற்றித்தான் வருகிறார் போலிருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. இல்லை, மணியடிக்க வேண்டாம். மூன்றாகப்போகிறது, முதலில் கூட்டத்தைத் திறந்துவிடுகிறேன். அதுதான் முறை. போனிலேயே திறக்கலாம். இசக்கி இன்னும் வரவில்லை. பதிவாளரும் வரவில்லை. எப்போதும் தாமதம்தான்.

வந்துவிட்டான். பார்த்தீர்களா? 'சா'. அழைத்தால் வருகிறான்.

"வணக்கம். கூட்டத்தைத் தொடங்கலாமா?"

கேட்டதா மேடம்? ஜன்னலுக்குள்ளிருந்து. என் குரல். நான் சொல்லி முடித்தபின் உள்ளே யாரோ அதையே சொன்ன மாதிரி. நான் இப்படியா பேசுகிறேன்? இத்தனை நாள் அந்த அறைக்குள் நான் இப்படித்தான் ஒலித்துக்கொண்டிருந்தேனா, அந்த நாற்காலிக்கு முன்னால்?

ஒரு நிமிஷம். உறுப்பினரை மைக்கைத் திறந்து பேசச் சொல்லிக் கேட்க இதில் ஒரு பொத்தான் இருக்கிறது. இதுவரை நான் அவனைக் கேட்டதில்லை. அழுத்துகிறேன்.

"குத்தாலம் சாரா?"

ஜன்னலிலிருந்து ஒரு தரம். இதோ, போனிலிருந்து இன்னொரு தரம்.

"ஆமாம் டீச்சர். நான்... இணைப்பில் இருக்கிறேன்."

"இணைப்புல இருக்கியளா? அப்பம் வாசல்ல யாரு உங்க குரல்ல பேசுதா?"

மேடம், நீங்கள் ஏதாவது சொல்லுங்களேன். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். பெண் குரல் கேட்டால் பயப்படமாட்டார். இல்லை, இருங்கள். எழுந்து வருகிறார். டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டே வருகிறார். எதையோ அழுத்திவிட்டார் போல, காமிரா திறந்துவிட்டது. பாருங்கள், தரை போகிறது, நிலைப்படி, செடி, பச்சைக் கேட்...

இது நான்.

பெயரைப் படியுங்கள் மேடம், என் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. சாலமோன் ஞானதுரை என்றுதானே போட்டிருக்கிறது? அதற்கு மேலே, அந்தக் கட்டத்துக்குள், கேட்டுக்கு வெளியே நிற்பது நான்தானே?

"சார்!" வாசலுக்கே வந்துவிட்டார். மெலிந்துபோயிருக்கிறார். "எவ்வளவு நேரமா வெளியிலயே நிக்கிய?"

இதோ, போனும் கேட்கிறது. எவ்வளவு நேரமா வெளியிலயே நிக்கிய.

அந்தக் கேட் கொக்கியைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள் மேடம். என் இரண்டு கையிலும் போன் இருக்கிறது. ஆமாம், ஒரே போன்தான். இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன்.